இடுப்பில் ஒரு கோடு

வைல் அம் ரைன் சுங்கச்சாவடி,
வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு நாற்பது.
எனக்கு முன்னால் இருபத்தாறு சாரதிகள்.
எல்லாரும் கடதாசிக் கட்டைப்
பிள்ளையைப் போல நெஞ்சோடு பிடித்திருக்கிறார்கள்.

என்னுடையது ரொட்டர்டாமில் ஏற்றிய
வியட்நாம் முந்திரிப்பருப்பு, இருபத்திரண்டு பலட்.
ஜெர்மனிக்குள்ளால் வந்தது,
ஆனால் ஜெர்மனிக்கு வரவில்லை.
டி-ஒன் தாளின் சூத்திரம் அது.
கதவில் ஈயப்பூட்டு விழுந்துவிட்டால்
ஒரு நாடு முழுக்க உருண்டாலும்
மண்ணைத் தொட்டதாகக் கணக்கில்லை.

கார்ல்ஸ்ரூ தாண்டி மறித்தார்கள்.
ஈயத்தை வெட்டி நாயை ஏற்றினார்கள்.
நாய் இரண்டு தரம் தும்மிவிட்டு இறங்கியது.
புது ஈயம் போட்ட பொடியன்
'வழியில் நடந்தவை' என்ற கட்டத்தைக் காட்டி
இலக்கத்தை நீயே எழுது என்றான்.
மழை.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினேன்.
அவன் முத்திரை குத்தினான்.
பார்த்துத்தான் குத்தினான்.

இப்போது பிராவ் எகென்ஷ்விலர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
கீழே வந்து ஈயத்தைப் பார்க்கிறா,
தாளைப் பார்க்கிறா,
மறுபடி ஈயத்தை.
"இங்கே ஏழு. தாளில் ஒன்று."
"அதுவும் ஏழுதான், மேடம்."
"இது ஒன்று."

தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினா.
ஏழென்றால் இடுப்பில் ஒரு கோடு வேண்டும்.
கோடில்லாத ஏழு இவர்களுக்கு ஒன்று.
இவர்களின் ஒன்றுக்கு நீள மூக்கு.
என் ஒன்று வெறும் தடி;
அதை எந்த இலக்கமாகவும் எடுக்கேலாதாம்.

கார்ல்ஸ்ரூவுக்கு மின்னஞ்சல் போகும்.
கார்ல்ஸ்ரூ பதில் போடும்.
எப்போது என்று நான் கேட்கவில்லை.
இரண்டு பேரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தோம்.

பத்து மணிக்குப் பிறகு
சுவிஸ் தெருவில் பாரவண்டி ஓடக்கூடாது.
என் வீடு பிர்ஸ்ஃபெல்டனில்,
இங்கிருந்து பதினைந்து நிமிசம்.
எட்டாம் இலக்க ட்ராம்கூட இருக்கிறது.
முந்திரிப்பருப்பை விட்டுவிட்டு ஏறேலாது.

பக்கத்து வண்டி வித்தாவுதாஸ், லித்துவேனியாக்காரன்,
சூரியகாந்தி விதை நீட்டினான்.
போன மாதம் அவனுக்கு நாற்பது கிலோ கூடிவிட்டதாம்.
பலட் நனைந்திருந்தது.
மழையின் எடைக்கு விளக்கக் கடிதம் கேட்டு
இரண்டு நாள் நிற்பாட்டி வைத்தார்களாம்.
கோதைத் துப்பித் துப்பிச் சிரித்தான்.

கௌசலாதேவி போன் எடுத்தாள்.
"அதில ஒரு கோட்டைப் போட்டுவிடேலாதே?"
"போட்டால் மோசடி."
"உங்களுக்கு ஏழால்தானே எப்பவும் வில்லங்கம்."

மறந்தே போயிருந்தேன்.
தொண்ணூற்றொன்றில், கிரொய்ட்ஸ்லிங்கன் முகாமில்,
பிறந்தது மார்ச் பதினேழு என்று
என் கையால் எழுதிக் கொடுத்தேன்.
அட்டையில் பதினொன்று வந்தது.
பரநிருபசிங்கம் என்ற பெயரைப்
பிழையில்லாமல் அடித்துவிட்டு
ஏழைத் தவறவிட்டார்கள்.
அப்போது எது கேட்டாலும் 'யா' என்பேன். யா என்றேன்.
கொம்பனி பதினொராம் திகதி வைன் போத்தல் தருகிறது.
வீட்டில் பதினேழாம் திகதி பாயாசம்.
நடுவில் ஆறு நாள்
நான் பிறந்துவிட்டேன்,
ஆனால் பிறக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பதில் வந்தது.
ஒரு சொல்: ஏழு.
மன்னிப்பும் இல்லை, புள்ளியும் இல்லை.

"நீங்களே கோடு போடுங்கள்,
பக்கத்தில் கையெழுத்து, பிறந்த திகதி."
பேனை தந்தா. கோடு போட்டேன்.
நேராய் வரவில்லை,
ஏழு கொஞ்சம் கூன் விழுந்ததுபோல் நின்றது.
கையெழுத்து வைத்தேன்.
திகதிக் கட்டத்தில் வழக்கம்போலப் பதினொன்று:
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடி.

பிராவ் எகென்ஷ்விலர் பேனையைத் திருப்பி வாங்கி
ஒன்றும் சொல்லாமல்
இரண்டுக்கும் மூக்கு வைத்துவிட்டா.

ஒன்பது ஐம்பத்திரண்டு.
இன்னும் எட்டு நிமிசம் இருந்தது.