எழுபதுக்கு முப்பது

வலப்பக்கத்தால் வருபவருக்கே வழி.
ஹாகனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
நான் விடவில்லை.
ஃபிராவ் கெஸ்லரின் முன்கதவு
சோற்றுக் கோப்பைபோல் குழிந்திருந்தது.

காப்புறுதிப் படிவத்தில் இரண்டு பெட்டி,
இரண்டு அம்புக்குறி கீறினேன்.
மழை கீற இடமில்லை.
கவனம் சிதறியதா?
'இல்லை'யில் புள்ளடி.

ஆறு கிழமை கழித்துக் கடிதம்:
எழுபது வீதம் என் பிழை.
முப்பது அவருடையது, வேகம்.
வருகிற வருடம் கட்டுக்காசு ஏறும்.

சுகிர்தா கடைசி வரி மட்டும் வாசித்துக்
கண்ணாடியைக் கழற்றினாள்.
"வேலையை விட்டுட்டன் எண்டு
அண்டைக்குக் காரில சொன்னன்.
இடிபட முதல்.
கேட்டதோ?"

கேட்டது.
பிரேக்கில் கால் பிந்தியதே அதனால்தான்.

கடிதத்தை நாலாய் மடித்தேன்.
தேத்தண்ணி ஊத்தட்டோ என்றேன்.