மிச்சம் இரண்டு விதி

முதலில் பத்தொன்பது விதி எழுதினேன்.
காட்பாடி காந்திநகர், மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை,
மே மாதம்,
மடியில் அடுப்பாய் மடிக்கணினி.
சராசரியைத் தாண்டினால் வாங்கு.
செவ்வாய் என்றால் வாங்காதே.
டாலர் ஏறியிருந்தால் பாதி வாங்கு.
பட்ஜெட் வாரமென்றால் எல்லாவற்றையும் தலைகீழாகப் படி.
எட்டு வருடத்து விலைகளை உள்ளே ஊற்றினேன்.
சத்துவாச்சாரி மலைபோல ஏறியது கோடு,
ஒரு சறுக்கல் இல்லை.
நூறு முறை ஓட்டினாலும் அதே கோடு, அதே பைசா.
யந்திரத்துக்குச் சந்தேகம் வருவதில்லை.
அதனாலேயே நம்பிவிட்டேன்.

முனிரத்தினம் திரையைத் தொட்டுப் பார்த்தார்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளுக்குக்
குரோமியம் உப்பு விற்கிறவர்.
நாலு லட்சம் போட்டிருந்தார்.
"எல்லாம் சரி மேடம், நாளைக்கு ஏறுமா?"

வாங்கியது ஒரு சின்னக் கம்பெனிப் பங்கு.
நாளெல்லாம் முந்நூறு கைமாறினால் அதிகம்.
நாங்கள் ஆயிரம் கேட்டோம்.
கேட்டதுமே விலை விலகி நின்றது.
நான் கணக்குப் போட்டு வைத்திருந்த விலை
நான் எட்டிப் பார்க்கும்வரைக்கும்தான் இருந்தது போல.
பதினொன்று பத்துக்குள் பதினோராயிரத்து நானூறு போயிற்று.
கரண்டும் போயிற்று.
யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருக்க
"விதி" என்றார் முனிரத்தினம்.
"அந்த விதி இல்ல சார். இது நான் எழுதினது."

சாயங்காலம் எனக்கு வேறு வேலை.
ஆஸ்பத்திரியின் நிலவறையில்
ஈயக் கதவுக்குப் பின்னால் கொஞ்சம் கோபால்ட் இருக்கிறது.
மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கும் சொச்சமும் தேயும்.
தேய்ந்ததற்கு ஈடாக
நோயாளி படுத்திருக்கும் நேரத்தில்
நொடிகளைக் கூட்டி எழுதுவது என் பொறுப்பு.
இன்றைக்கு எத்தனை அணு உடையும், சொல்வேன்.
எந்த அணு என்றால் கை விரிப்பேன்.
படித்தது போதாமல் அல்ல.
அணுவுக்கே தெரியாது.
வயதாகி உடைவதில்லை அது.
நேற்று வந்ததற்கும் பத்து வருடம் கிடந்ததற்கும்
அடுத்த நிமிடம் ஒன்றுதான்.

பரேஷ் மண்டல், மால்டா.
காந்தி ரோட்டு லாட்ஜில் மனைவி மீன் பொரிப்பாள்,
மானேஜர் திட்டுவார், மறுபடி பொரிப்பாள்.
முகமூடியைக் கழற்றியதும் கேட்டார்,
கற்றுக்கொண்ட நாலு தமிழ்ச் சொல்லில்:
"எனக்கு நல்லா ஆகுமா, அம்மா?"
நூறு பேரில் அறுபத்திரண்டு.
நாக்கு வரை வந்துவிட்டது.
விழுங்கிவிட்டு,
"நாளைக்கு ஆறே காலுக்கு வந்துடுங்க" என்றேன்.

அன்று ராத்திரி செவ்வாய்க்கிழமையை அழித்தேன்.
கோடு லேசாகக் கோணியது.
டாலரை எடுத்தேன். பட்ஜெட்டை.
எடுக்க எடுக்க
இறந்தகாலம் அசிங்கமாகிக்கொண்டே வந்தது.
எல்லாமே வெளிவந்த வினாத்தாளுக்கு
உட்கார்ந்து எழுதிய விடைகள்.
ஒவ்வொன்றின் மேலும் எனக்கு ஆசை இருந்தது;
ஏழாவதை இரண்டு முறை அழித்து இரண்டு முறை திரும்ப வைத்தேன்.
விடிகிறபோது மிச்சம் இரண்டு.
ஏறுவதோடு ஏறு.
இவ்வளவுக்கு மேல் இழக்காதே.

முனிரத்தினம் இலவம்பாடிக் கத்தரிக்காய் ஒரு பையோடு வந்தவர்
வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்கா மேடம் பிசிக்ஸ் படிச்சீங்க?"
காம்பின் முள் குத்தி
என் கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம்.

மண்டலுக்கு முப்பத்து மூன்று நாளும் முடிந்தது.
காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா வண்டி
ஒரு மணி நேரம் தாமதம்,
மூன்று மொழியில் வருந்தினார்கள்.
அவர் மனைவி வாணலியைத் துணியில் கட்டி
மடியில் வைத்திருந்தாள்.
கைபேசி அதிர்ந்தது.
"இன்னைக்கும் போச்சு மேடம். நிறுத்திடலாமா?"
"ஏழுதான் சார் ஆகியிருக்கு. நூறு ஆகட்டும்."
மறுமுனையில்
தோல் புரளும் டிரம்மின் சத்தம் மட்டும், நெடுநேரம்.
பிறகு மெதுவாக:
"அப்ப எட்டாவது?"

வண்டி வேறு நடைமேடைக்கு மாறிவிட்டதாம்.
மண்டல் எழுந்தார்.
பெட்டியைப் பிடிக்கப் போனேன்,
விடவில்லை.
படிகளில் அவரே தூக்கிக்கொண்டு ஏறினார்.