பத்தில் ஒன்று

மூன்று மாத ஓவர்டைம் காசு.
புறக்கோட்டையிலிருந்து பெட்டி வந்த அன்று
கூரியர் பொடியன் கேட்டான்: "மகனுக்கோ, மிஸ்?"
எனக்கு மகன் இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

தெரிவு செய்யவே ஒரு கச்சான் காலம் போனது.
இருபத்துநாலில் ஒன்று உள்ளங்கையில் நிற்கும்,
கூழாங்கல்லைக் கண்டால் மலைத்து நிற்கும்.
மணலை வாரி இறைத்துப் பாய்கிறவையும் இருந்தன.
வேகம் எனக்கு வேண்டாம்.
வார்டில் எல்லாமே "கெதியா, கெதியா."
நான் தேடியது
நாலு சில்லும் சேர்ந்து பிடித்து
ஒரு கல்லில் ஏற முழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒன்றை.
ஆறுதலாய்ப் போவதை.
(எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
மெதுவென்றும் பொருள்,
மற்றதும் பொருள்.)

நீளச் சட்டம் ஏறும், குறுஞ்சட்டம் திரும்பும்:
இதை யோசித்தே இரண்டு இரவுக்கடமை விடிந்தது.
நீளத்தையே எடுத்தேன்.
பழைய பிக்கப் உடம்பு, பாசிப் பச்சை.
கதவில் சாவித் துவாரம்கூட இருக்கிறது,
திறக்காத கதவில்.

தண்ணீர் புகாதென்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்.
பாஹிம் சிரித்தான். போன் திருத்துகிறவன்,
கடலில் விழுந்தவற்றை ஒரு லாச்சி நிறைய வைத்திருக்கிறவன்.
"எந்தத் தண்ணி எண்டு எழுதல்லையே, மிஸ்."
மழை வந்து போகும்.
உப்பு வந்தால் குடியிருக்கும்.

ஆகவே திறந்தேன்.
சேர்வோவின் நாலு ஆணியும் கழற்றி,
தண்டு வெளியே வரும் வாயில் றப்பர் வளையம் இட்டு,
படகு எஞ்சினுக்குப் பூசும் நீலக் கிறீஸை
விரலால் அப்பினேன்.
இருபத்திரண்டு பெயாரிங்குக்கும் அதே வைத்தியம்.
ரயருக்குள் பஞ்சு இருக்கிறது, குடித்தால் கனக்கும்.
ஊசியைச் சுடவைத்து இரண்டிரண்டு துளை.
உள்ளே போவதைத் தடுக்க முடியாவிட்டால்
வெளியே வர வழி வை.
புண்ணுக்கும் அப்படித்தான்.

றிசீவருக்கு?
ஃபார்மசியில் ஒரு சோடிக் கையுறை வாங்கி
நடுவிரலை வெட்டி
அதற்குள் அதை இறக்கி
வாயை நூலால் கட்டினேன்.
தையல் முடிச்சு, மூன்று சுற்று.
என் முடிச்சுகள் அவிழ்ந்ததில்லை.

டச்சுபே கடற்கரை, பின்னேரம் நாலரை.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
முன் பம்பரை மணந்து பார்த்து
தின்ன முடியாதென்று தீர்மானித்துப் போனது.
வண்டி பாறையில் கை வைத்தது.
கை என்றுதான் சொல்ல வருகிறது.
தடவி, வழுக்கி, விட்டு, பிறகு பிடித்து.
தூண்டில் போட்டிருந்தவர் தன் நூலை மறந்து பார்த்தார்.
அலை மேலாலே போனது.
விளக்கு இரண்டும் தண்ணீருக்கடியில் எரிந்தன.
வெளியே வந்தது, ஏறியது,
நான் கூவினேன், இந்த வயதில்.

தூறல் எப்போது தொடங்கியதோ.
இரண்டாம் பாறையில் நின்றுபோனது.
கிறீஸைச் சந்தேகித்தேன். வளையத்தை. முடிச்சை.
கடைசியில்தான் கண்டேன்:
ரிமோட்டின் இடுக்கெல்லாம் மழை.
அத்தனையையும் மூடிக் கட்டியவள்
இதைத் திறந்தபடி கையில் பிடித்திருந்தேன்.

சுரிதாரை முழங்கால்வரை சுருட்டி இறங்கினேன்.
அது விளக்கை அணைக்காமல் காத்திருந்தது.
"மகன்ர சாமானோ?" என்றார் தூண்டில்காரர்.
"என்ர," என்றேன்.
"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

வீட்டில் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி
ஃபேனுக்குக் கீழே வைத்தேன்.
முடிச்சை வெட்டினேன்.
விரலுக்குள்
கையுறை மாவு அப்படியே, ஈரமே தெரியாமல்.

ரிமோட் அரிசி வாளிக்குள் கிடக்கிறது.
இரவுக்குப் பாண் வாங்க வேண்டும்.