வெளியே நிற்கிற வேலை

எனக்குச் சம்பளம் நிற்பதற்கு.
குலசேகரத்துக்கு மேற்கே, ரப்பர்ப்பால் கம்பெனியின் பின்புறம்,
நாலாம் நம்பர் தொட்டியின் வாயருகே
கப்பி மாட்டிய முக்காலி, கயிறு,
கோடு போட்ட ஒரு நோட்டு.
என்ன நடந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது.
இந்த ஒரு வரியைச் சொல்ல
மூன்று நாள் வகுப்பெடுத்தார்கள்.

"அக்காவுக்கு நல்ல ஜோலியாக்கும்,
வெயிலு கொள்ளதுக்குப் பைசா"
என்று சிரிப்பான் ஷோபனராஜ்.

பாலைக் கடைந்தெடுத்த மிச்சத்தில்
அமிலம் ஊற்றித் திரித்து
அந்த மிச்சத்தின் மிச்சம் வந்து சேரும் இடம் இது.
மேலே ஆடை படிந்து சாதுவாக இருக்கும்.
அடிச்சேற்றில் அழுகின முட்டை நாற்றம்
முடிச்சு முடிச்சாய்.
நாறினால் பயப்படு என்றார்கள்.
நாற்றம் சட்டென்று நின்றால் இன்னும் பயப்படு:
காற்று சுத்தமாகவில்லை,
உன் மூக்கு செத்துவிட்டது.

காலையில் குழாயை மூன்று ஆழத்துக்கு விட்டேன்.
வாயில், நடுவில், அடியில்
ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது.
மற்றது பூஜ்யம்.
புளோவர் ஓடியது. கையெழுத்துப் போட்டேன்.
நெஞ்சுப்பட்டையில் மீட்டரைக் கொளுவிக்கொண்டு
அவன் ஏணியில் இறங்கினான்.
தலை மறைந்தது.
பிறகு மண்வெட்டிச் சத்தம் மட்டும்.

முன்பு வேறொரு கம்பெனியில்
ஒருவன் இப்படி இறங்கி விழுந்தான்.
அவனைத் தூக்க அவனுடைய அளியன் குதித்தான்.
அளியனைத் தூக்க, லோடு இறக்க வந்த
லாரி டிரைவர். அவருக்கு
இரண்டு பேரின் பெயரும் தெரியாது.
எஞ்சினை அணைக்காமலே ஓடினாராம்.
நான் போய்ச் சேர்ந்தபோதும்
லாரி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
சாவியைத் திருப்பி நிறுத்தியது நான்.

பதினொன்று நாற்பது.
மண்வெட்டி எந்த முடிச்சை வெட்டியதோ,
மீட்டர் அலறியது.
தொட்டிச் சுவரெங்கும் சிவப்பு வெட்டி வெட்டி.
"ஏறு! ஷோபனா, ஏறு!"
பதில் இல்லை.

என் வலது கால் ஏணியின் முதல் படியில் இருந்தது.
எப்போது வைத்தேன், தெரியாது.
அந்தக் காலுக்குத்தான் மூன்று நாள் வகுப்பு.
எடுத்தேன்.
கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றினேன்.
ஒரு மனிதன் எவ்வளவு கனம் என்று
தோள்பட்டைக்கு இன்னும் தெரிகிறது.
நனைந்த சாக்கு மடங்குவதுபோல் வந்தான்,
புல்லில் கிடந்தான், இருமினான், வாந்தியெடுத்தான்.
கண் திறந்ததும்
"ரெண்டு வாளிதான் அக்கா பாக்கி கெடந்து."
ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பட்டை அறுந்து மீட்டர் உள்ளேயே விழுந்துவிட்டது.
நாற்பதாயிரம் ரூபாய் சாதனம் என்றார்
சூப்பர்வைசர் ஜெயசீலன்.
"ஒரு நிமிஷம்தானே, மூச்சை அடக்கிக்கொண்டு
யாராவது..." என்று இழுத்தார்,
ஆள் ஆளாய்ப் பார்த்தார்.
நான் இரும்பு மூடியை இழுத்துப் பூட்டினேன்.
நோட்டில் எழுதினேன்:
11.44. ஆள் வெளியே.
உள்ளே யாரும் இல்லை.

சாயங்காலம் மழை பிடித்தது.
ஷிப்டு விட்டு எல்லாரும் போயாயிற்று.
கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது.
மூடிக்குக் கீழே அது இன்னும் கத்துகிறது,
யாரையும் கூப்பிடாமல், சும்மா.
கத்தட்டும்.
பேட்டரி விடியும்வரை தாங்குமாம்.