கன்ட்ரோல் தட்டு

நாற்பத்திரண்டு டிகிரி, அரைமணி நேரம்.
செல்களுக்கு நான் செய்யும் கொடுமை அவ்வளவுதான்.
பிறகு நுண்ணோக்கியின் இருட்டில்
பச்சைப் புள்ளிகளை எண்ணுவேன்.

சூடு ஏறியதும் செல்
புதிதாக எதையும் கட்டுவதில்லை.
வந்த ஓலைகளை வாசிக்காமல் சுருட்டிச் சுருட்டி
சொட்டுச் சொட்டாய் ஓரத்தில் சேர்த்துவைக்கும்.
மடிப்புக் கலைந்த புரதங்களை
நீவி எடுக்கும் வேலைக்கு மட்டும் ஆள் போகும்.
தணிந்தால் புள்ளி கரையும், ஓலை பிரியும்.
தணியாவிட்டால்
அது என் நாலாவது அத்தியாயம்,
இன்னும் எழுதவில்லை.

பக்கத்தில் முப்பத்தேழில்
ஒன்றும் செய்யப்படாத தட்டு ஒன்று இருக்கும்.
அது சும்மா இருந்தால்தான்
மற்றதன் வேதனைக்குக் கணக்கு உண்டு.

நேற்று நாகமலைக்கு இந்தப்பக்கம்
பதினொன்றிலிருந்து மின்சாரம் இல்லை.
ஜெனரேட்டர் டீசலுக்குக் கையெழுத்து வரவில்லை.
ஒச்சப்பன் டிவிஎஸ்ஸில் செக்கானூரணி போய்
வாங்கிவந்த ஐஸில்
பாதிக்குமேல் தண்ணீர்.
"மேடம், வெளிய நிக்க முடியல," என்றார்,
அவர்மேல் தப்பில்லை என்பதுபோல.

சாயங்காலம் பார்த்தேன்.
கன்ட்ரோல் தட்டிலும் புள்ளிகள்.
பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டால்
எது எதுவென்று எனக்கே தெரியாது.
மே மாதத்து மதுரையில்
ஒன்றும் செய்யப்படாதது என்று
எதைக் காட்டுவது?
'கழிவு' என்று எழுதித் தேதி போட்டேன்.

பஸ்ஸில் கைப்பேசியை எடுத்தால்
வாசிக்காத செய்திகள் நாற்பத்தாறு.
வங்கி, வீட்டுக்காரர், அண்ணன், மறுபடி அண்ணன்.
ஏழு மாதமாய் உதவித்தொகை வராதவளுக்கு
எல்லாம் ஒரே சொட்டு.

காளவாசல் சிக்னலில் நின்றபோது
எங்கோ பெய்த மழையின் காற்று
ஜன்னல் வழியே வந்தது.
ஒன்றை மட்டும் திறந்தேன்.