பகலில் பெட்டி தூக்கியது

பத்து மணிக்குத் திம்மராயன் போன்:
"மதியம் மாம்பூவுக்கு மருந்தடிக்கிறேன்,
உன் பெட்டியை எடுத்துக்கோக்கா."
அடிக்காதே என்று எப்படிச் சொல்வது,
தத்துப்பூச்சி அவன் மரத்தில்,
கடன் அவன் பெயரில்.

இருட்டிய பிறகுதான் தூக்கவேண்டும் என்பது
தேனீ வளர்க்கிற எவளுக்கும் தெரியும்.
தெரிந்தே தூக்கினேன்.
வாசலில் ஈரத்துணி அடைத்து
டிவிஎஸ் வண்டியில் கயிறு போட்டு
சந்தூர்க் குன்றைச் சுற்றி
அண்ணி வீட்டுக் கொல்லைக்கு.

சாயங்காலம் வந்து பார்த்தால்
பெட்டி இருந்த கல்லின் மேல்
இரண்டு கைப்பிடி ஈ.
செத்தது போக மீதி.
காலில் மகரந்தம், இறக்கி வைக்க
அறை இல்லை.
எல்லாம் கிழடு. இறக்கை ஓரம்
பழைய பஸ் டிக்கெட் மாதிரி கிழிந்து.

குற்றம் உறுத்தி
ஒரு காலிப் பெட்டியில்
முட்டையும் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை
வைத்துவிட்டு வந்தேன்.
நம்பி அல்ல.
புழுவுக்குக் கூழ் ஊட்டுவது
பிறந்து ஒரு வாரமான ஈயின் வேலை.
வெயிலுக்குப் போனதும் அந்தச் சுரப்பி வற்றிவிடும்,
படித்திருக்கிறேன்;
கிருஷ்ணகிரியில் விலங்கியல், இரண்டாம் வகுப்பு.

இருபது கிழட்டு முதுகில் நெயில் பாலிஷால்
ரோஸ் பொட்டு வைத்தேன்.

ஆறாம் நாள் மூடியைத் திறந்தால்
ரோஸ் பொட்டு ஒன்று
அறைக்குள் தலையை விட்டு
அசையாமல் நிற்கிறது.
வாலைப் பார்த்தபடி எண்ணினேன், முப்பது வரை.
அது வெளியே வந்தபோது
புழு வெள்ளைக் கூழில் மிதந்தது.

கிழிந்த இறக்கை கிழிந்தபடிதான்.
அது திரும்பாது.
திரும்பியது உள்ளே:
மரபணுச் சரத்தில் ஒரு மெத்தில் மூடி
இங்கே கழன்று, அங்கே ஏறி,
மடித்து வைத்த பக்கம்
மறுபடி வாசிக்கப்பட்டிருக்கிறது.
எழுத்து ஒன்றுகூடப் புதிதில்லை.

"கிழட்டு ஈக்கு யாருக்கா சொன்னது?"
முகத்தில் துண்டோடு, தூர நின்று
திம்மராயன் கேட்டான்.
"புழுதான். பசித்தால் அதற்கொரு வாசம்."
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கொல்லைப் பெட்டியில் நேர்மாறு.
வெளியே போக ஆளில்லாமல்
ஆறு நாள் ஆன இளசுகள், பளபள இறக்கையோடு
வழி தெரியாமல் அலைந்து
அண்ணியின் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தன.
சில மட்டும்
அவரைப் பூவைக் கண்டுபிடித்தன.

இப்போது கல் மேல் பெட்டியில்
நிலக்கடலை மாதிரி
ஓர் அரசி அறை தொங்குகிறது.
உள்ளே இருப்பது வேலைக்காரியாக வேண்டிய முட்டைதான்.
கூழ் மட்டும் நிறுத்தவில்லை.

மாசியில் பெங்களூரா பிஞ்சு பிடிக்கும்.
அடுத்த முறை ராத்திரியில் அடிக்கிறேன்
என்றிருக்கிறான் திம்மராயன்.
பார்க்கலாம்.