பத்தொன்பது ஜிகாபைட் துரு

உலர்துறையில் தூக்கி நிறுத்திய கப்பலின் வயிற்றை
இருநூற்றுப் பதினாறு துண்டுகளாக எடுத்தேன்.
தால்காவானோவில் அன்று மழை இல்லை. அதுவே அதிசயம்.
துண்டுகளை ஒட்டினால் ஒரே படம்:
பத்தொன்பது ஜிகாபைட் துரு.

என் பழைய மடிக்கணினியின் நினைவகம் எட்டு.
எட்டுக்குள் பத்தொன்பது அடங்காது என்று
அதற்குச் சொல்லத் தெரியவில்லை. முயன்றது.
விசிறி அலறும். திரை வெளுக்கும்.
வளையம் சுற்றும், சுற்றும்.
நான் உருளைக்கிழங்கு உரித்து முடிப்பேன்,
வால்தீவியாவிலிருந்து தங்கை ஒரியெத்தா
புருஷனைப் பற்றிச் சொல்லும் புகார் முழுதும்
கேட்டு முடிப்பேன்.
திரும்பினால் மேல்மூலை மட்டும் வந்திருக்கும்,
கடன் கேட்க வந்தவனைப்போல் தயங்கி.

கொன்செப்சியோனில் நிபால்டோவின் கடை
சாவி வெட்டுகிறவருக்கு மேல் மாடியில்.
"விளையாடவா?" என்றான்.
"துருவுக்கு" என்றேன்.
அவன் காட்டியது கண்ணாடி விலா வைத்த பெட்டி.
உள்ளே ஊதா, பச்சை, சிவப்பு,
மீன் இல்லாத மீன்தொட்டி.
"விளக்குக்கு எவ்வளவு?"
"விளக்கு இலவசம்."
இலவசத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால்
மின்கட்டணம் யார் கட்டுவது?

பதினாறு கரு கொண்ட செயலி என்றான், விரல் விரித்து.
பதினாறு சமையல்காரர் இருந்தென்ன,
நறுக்கும் பலகை உள்ளங்கை அளவு என்றால்?
அதற்குச் சிரித்தான். அப்புறம்தான் ஒழுங்காகப் பேசினான்.
ரசீதின் பின்பக்கம் எழுதினான்:
நினைவகம் அறுபத்துநாலு, குறைக்கக் கூடாது.
வழிந்ததைப் பிடிக்க வேகமான வட்டு ஒன்று, தனியாக.
வரைகலை அட்டை சுமாரானது போதும்.
கீழே கோடு இழுத்து
பதினாலு லட்சம் பெசோ.

என்னிடம் ஒன்பது.
மீதி ஐந்துக்கு என் பையில் ஒரு லென்ஸ் இருந்தது.
கச்சிதமாக ஐந்து பெறும்; அவனே வாங்கிக்கொள்வான்.
அந்தத் துருவைப் பார்த்தது அந்த லென்ஸ்தான்.
கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதா?
பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னறைக் கதவைத் திறந்தான்.

திவாலான மீன்மாவுக் கம்பெனியின் பெட்டிகள்,
சாம்பல் நிறம், ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள்.
எனக்கு வாய்த்தது "கணக்குப் பிரிவு, 4".
மூடியைக் கழற்றினால் லேசாய் மத்தி வாடை
(அவன் இல்லை என்கிறான், இருக்கிறது).
நான்கு நினைவுச் சில்லுகளைக் கட்டைவிரலால் அழுத்தினான்.
டக், டக், டக். நாலாவது மட்டும் முரண்டு பிடித்தது.

கம்பளிக் காலுறைக்குள் சுற்றிவந்த வட்டைச் செருகினேன்.
நகலெடுக்கக் கொஞ்ச நேரம்.
திறக்க நாற்பது வினாடி.
முழுக் கப்பல்! மூலையில் தொடங்காமல், கெஞ்ச வைக்காமல்.
நிபால்டோ மாடிப்படியில் நின்று
சாவிக்காரரைக் கூப்பிட்டான்.
அவர் எண்ணெய் விரலால் என் திரையைத் தொட்டு
"இந்த இரும்பு இன்னும் எட்டு வருஷம் தாங்கும்" என்றார்.
திரையில் ரேகை. துடைக்க மனம் வரவில்லை; துடைத்தேன்.

இரவு, வீட்டில், நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி
பற்றவைத்த தழும்பு வழியே மெல்ல ஊர்ந்தேன்.
நாற்பத்தோராவது துண்டில்
ஒவ்வொரு கொப்புளமும் இரண்டு.
அன்று பாரந்தூக்கி ஒன்று கடந்துபோனது,
தரை அதிர்ந்தது, நினைவிருக்கிறது.
ஒன்றும் ஆகியிருக்காது என்று
நானே சொல்லிக்கொண்டதும்.
மூன்று வருடம் இதை எனக்குக் காட்டாமல்
மூச்சு வாங்கியபடி மறைத்திருக்கிறது பழைய மடிக்கணினி.

அந்தக் கப்பலுக்குச் சிவப்புப் பூசியாயிற்று.
இப்போது மகல்யானெஸ் பக்கம் எங்கோ
தண்ணீருக்குள் இருக்கிறது அதன் வயிறு.

ஒரியெத்தா அழைத்தாள். "புதுசு எப்படி?"
"வேகம்" என்றேன். "பயங்கர வேகம்.
உன் புருஷன் என்ன செய்தான், சொல்லு,
முதலிலிருந்து சொல்லு."